'காஸ்' என்றால் எந்தக் காஸ்?

வயிற்றில் வாயு என்றால் எமக்குப் பயமில்லை. உள்ளியும் ஓமத்தண்ணீரும் இருக்கின்றன. ஆனால் ஸ்கான் பார்த்த வைத்தியர் "குடற்சுவரில் காஸ்" என்று சொல்ல, கூடப்போன பிள்ளை "வாயுவாம் அம்மா" என்று மொழிபெயர்த்தால் காரியம் பிழைத்துவிடும்.

இது குடலுக்குள் ஓடித்திரியும் வாயு அல்ல; குடலின் சுவருக்குள்ளேயே குமிழிகளாக அடைபட்டிருப்பது. நியூமற்றோசிஸ் என்பார்கள். அபூர்வமானது. உள்ளிக்கு மசியாது.

பலருக்கு ஒரு தொல்லையுமில்லை. வேறெதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாகத் தெரியும், தானாக மறைவதும் உண்டு. நாட்பட்ட நுரையீரல் வருத்தக்காரரிலும் காண்கிறார்கள். தொல்லை கொடுத்தால் ஒட்சிசனும் அன்ரிபயோட்டிக்கும் கொடுப்பதுண்டு.

ஆனால், இரத்தம் போகாமல் குடல் அழுகத் தொடங்கியதற்கும் இதே குமிழிகள் அடையாளமாகலாம். அப்போது உடனடியாகச் சத்திரசிகிச்சை தேவைப்படும். குறைமாதக் குழந்தையில் கண்டால் கடுமையான குடல் அழற்சி என்று கருதி, பாலை நிறுத்தி, நாளம் வழியே உணவேற்றுவார்கள். "பிள்ளையைப் பட்டினி போடுகிறார்கள்" என்று தாய்மார் சண்டைக்குப் போகவேண்டாம்.

ஆகவே பிள்ளையை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். "எதனால் வந்தது? குடலுக்கு இரத்தம் ஓடுகிறதா?" இவ்விரண்டையும் கேட்காமல் எழும்பாதீர்கள். வீட்டுக்கு அனுப்பியபின் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், விடாத வாந்தி, மலத்தில் இரத்தம் கண்டால் இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள்.