சமுதாயக் கல்லூரித் தமிழ்க் கற்பித்தலில் மின்வளங்கள்: தெரிவே முதற்பணி

சமுதாயக் கல்லூரிகளில் தமிழ் கற்பிப்பதற்கு மின்வளங்கள் போதவில்லை என்று கூறப்படுவதுண்டு. இக்கூற்று முழுமையாகப் பொருந்துவதன்று. 1998இல் தொடங்கப்பெற்ற மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களைக் கட்டணமின்றி வழங்கி வருகிறது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், பாடங்களையும் மின்னூலகத்தையும் கொண்டுள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின்னகராதித் தொகுப்பில் தேடிப் பார்க்கலாம். ஆகவே குறை வளங்களின் எண்ணிக்கையில் இல்லை. அவற்றைக் கற்போருக்கு ஏற்பத் தெரிந்தெடுத்து வழங்குவதில் உள்ளது.

இந்தியாவில் சமுதாயக் கல்லூரி 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் கால்கொண்டது. படிப்பை இடையில் விட்டோருக்கும் உயர்கல்வி வாய்ப்பை இழந்தோருக்கும் தொழில்திறனோடு மொழித்திறனையும் வாழ்க்கைத்திறனையும் அளிப்பது அதன் நோக்கம். மேற்குறித்த வளங்களோ இம்மாணவரை மனத்திற்கொண்டு உருவானவை அல்ல. எனவே இணைப்பு முகவரிகளை மட்டும் தருவது கற்பித்தல் ஆகாது.

சான்றாக, தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் பின்னிணைப்பாகவும் வெளிவந்தது. ‘கணினி’ போன்ற பிற்காலச் சொல்லை அதில் தேடிக் காணாத மாணவர், அஃது ஏற்கத்தக்க தமிழ்ச்சொல் அன்று என முடிவு செய்துவிடக்கூடும். அகராதியின் காலத்தை முன்னரே அறிந்தவர் அவ்வாறு பிழைபட எண்ணார். சொற்குவை போன்ற கலைச்சொல் தொகுப்பை நாடுவார். அவ்வாறே, படவடிவில் மட்டும் உள்ள மின்னூலில் சொல்தேடல் இயங்காது என்பதும் முன்கூட்டியே உணர்த்தப்பட வேண்டும்.

இதனினும் இன்றியமையாதது, மூலத்தைச் சரிபார்க்கும் பழக்கம். மதுரைத் திட்ட மின்பதிப்புகளில் மூலநூல், தட்டச்சு செய்தோர், மெய்ப்புப் பார்த்தோர் பற்றிய குறிப்புகள் இடம்பெறுவதுண்டு. சமூக ஊடகத்தில் பாரதியார் பெயரால் உலவும் ஓரடியை அங்குத் தேடச் செய்து, கிடைத்த வடிவத்தை அச்சுப் பதிப்போடு ஒப்பிடச் செய்வது ஒரு வகுப்பிற்குரிய நற்பயிற்சியாகும். மின்பதிப்பும் முடிந்த முடிபன்று என்பதை மாணவர் அதனால் உணர்வர். பணியிடத்தில் வரும் அறிவிப்பையும் ஒப்பந்தத்தையும் ஆராய்ந்து ஏற்கும் திறனுக்கும் அதுவே அடிப்படை.

தொகுப்பூதியத்தில் பல வகுப்புகளைச் சுமக்கும் ஆசிரியருக்கு இத்தெரிவுப் பணிக்கு நேரம் ஏது என்னும் வினா நியாயமானது. அதனாலேயே இப்பணியைக் கற்பித்தல் நேரமாகக் கணக்கிட வேண்டியுள்ளது. பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளுக்கும் இதில் கடமை உண்டு. ஒவ்வொரு மின்வளத்திற்கும் ஒரு பக்க அளவில் குறிப்பு வரைந்து அளித்தல் அவற்றால் இயலும். அவ்வளம் எக்காலத்தது, எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது, கைப்பேசியில் இயங்குமா என்னும் நான்கு வினாக்களுக்கு விடை அதில் அமைதல் போதும்.

புதிய செயலிகளை உருவாக்குவதற்கு முன் செய்யத்தக்கது இதுவே. இது நிகழாதவரை, கட்டணமின்றிக் கிடைக்கும் மின்வளங்களும் ஏற்கெனவே கற்றவர்க்கே பயன்படும். சமுதாயக் கல்லூரி யாருக்காகத் தோன்றியதோ அவர்க்கு எட்டாமலே இருக்கும்.