பறையர் என்ற பெயரும் 'பரையா' என்ற வசையும்

வடகொரியாவைக் கண்டித்து எழுதும் ஆங்கில நாளேடுகள் அதைக் கூச்சமில்லாமல் 'பரையா நாடு' என்கின்றன. உலகம் ஒதுக்கி வைத்த எவருக்கும் நம் மக்களில் ஒரு பெருந்திரளின் பெயர்தான் அடைமொழி. மலாய் மொழியில் 'பாரியா' என்பது அப்பட்டமான வசை. 2011இல் மலேசியப் பள்ளிகளில் பாடநூலாக இருந்த 'இன்டர்லோக்' நாவலில் அச்சொல் வந்ததை எதிர்த்து அங்குள்ள தமிழர்கள் போராடினார்கள். சொல்லின் இழிவை எதிர்த்தவர்கள் எத்தனை பேர், 'எங்களையும் அந்தச் சாதி என்பதா' என்று பதறியவர்கள் எத்தனை பேர் என்பது தனிக் கேள்வி.

பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் சண்டை ஓயவில்லை. பறை என்ற தோற்கருவியிலிருந்து வந்தது என்றார் கால்டுவெல். அகராதிகள் அதையே பிடித்துக்கொண்டன. ஆப்பர்ட் அதை ஏற்காமல், மலைவாசியைக் குறிக்கும் 'பஹாரியா'வோடு முடிச்சுப் போட்டுப் பார்த்தார், அது நிற்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழியில் போனார். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அதுதான் பொருள். வேடதாரிப் பார்ப்பனரின் பொய்யை ஊரறியப் பறைந்த பௌத்தர்கள் மீது எதிரிகள் சுமத்திய பெயர் இது என்றார் அவர்.

சொல்லளவில் கால்டுவெல் சொன்னதே எளிதாகப் பொருந்துகிறது. ஆனால் அதிலிருந்து 'பறையடிப்பதே இவர்கள் பிறவித் தொழில்' என்று இறங்குவது மோசடி. இம்மக்களில் மிகப் பெரும்பாலோர் நிலத்தில் உழைத்தவர்கள், பறையடித்தவர்கள் சிலரே. அந்தப் பறையும் இழிவான கருவியாக இருந்ததில்லை. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகத் தொல்காப்பியம் பறையை வைக்கிறது. புறநானூற்றின் 335ஆம் பாடல் பறையனை மதிப்புக்குரிய நான்கு குடிகளில் ஒன்றாகச் சொல்கிறது. பறையைச் சாவு வீட்டு வாசலில் நிறுத்தி, அடிப்பவனைத் தீண்டாதவனாக்கியது பிறகு வந்த சாதி. ஆகவே பெயருக்கு உயர்ந்த மூலம் தேடித்தான் மானத்தை மீட்க வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை. (மூலம் கிடைக்காத சாதிக்கு மானம் கிடையாதா என்ன?)

பெயரை என்ன செய்வது என்பதில் நம் முன்னோடிகளே ஒத்துப்போகவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே ஏடு தொடங்கினார். ஒளித்தால்தானே வசை, நெஞ்சு நிமிர்த்திச் சொன்னால் அது எங்கள் பெயர் என்பது அவர் நிலை. அயோத்திதாசர் அப்பெயரை அடியோடு மறுத்தார். 1907இல் தொடங்கிய தம் ஏட்டுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்தார். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் ஏறியது.

இன்று பொது இடத்தில் ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எஸ்) பிரிவின்படி குற்றம். அதே பெயரை ஆங்கிலத்தில் தலைப்பாக அச்சிட்டால் அது நடை அழகு! தங்களுக்கு அந்தச் சொல் வெறும் உவமை என்கிறார்கள் ஆசிரியர்கள். சேரியில் வாழ்பவருக்கு அது உவமை அல்ல, முகவரி. 'ஒதுக்கப்பட்ட நாடு' என்று எழுத ஆங்கிலத்தில் வேறு சொற்களுக்குப் பஞ்சமில்லை. சென்னையில் அச்சாகும் ஆங்கில ஏடுகள் தங்கள் நடைக் கையேட்டிலிருந்து அச்சொல்லை நீக்க ஒரு நாள் போதும்.