லில்லிச் செடியும் குசினி மூலையும்



பெருநாள் நெருங்கினால் நம் வீடுகளில் வளவு கூட்டுவதும் பூமரங்களை வெட்டி ஒழுங்குபடுத்துவதும் மும்முரமாக நடக்கும். நல்ல காரியந்தான். ஆனால் லில்லிச் செடியில் கத்தி வைக்குமுன் சற்று நில்லுங்கள். பூ வாடியதும் பச்சை இலைகளையும் அடியோடு அரிந்துவிட்டு, "அடுத்த வருசம் பூக்கவேயில்லை" என்று குறைப்படுவோர் அநேகர். அந்த இலைகள்தாம் வெயிலில் உணவு செய்து கிழங்கில் சேமிக்கின்றன. அடுத்த பூ அந்தச் சேமிப்பிலிருந்தே வரவேண்டும். ஆகவே வாடிய பூவை விதை பிடிக்குமுன் கிள்ளிவிடுங்கள். தண்டு மஞ்சளித்த பின் வெட்டுங்கள். இலை தானாகக் காயட்டும். வளவு நாலு நாள் அலங்கோலமாகத் தெரிந்தால் தெரியட்டுமே!

ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்றுப் பக்கத்துக் கடலோர மணலில் தண்ணீர் தங்காது. வயலை அண்டிய வளவுகளில்தான் மாரி மழைக்குக் கிழங்கு அழுகும். அங்கே மண்ணை மேடாக்கி நடுங்கள். பெரிய சிவப்பு லில்லியின் கிழங்குக் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மாட்டெருவை ஒக்டோபர் மழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது.

வேலியில் படரும் கார்த்திகைப் பூவையும் லில்லி என்றே பலர் வளர்க்கிறார்கள். மழையோடு முளைத்து, மஞ்சளாக விரிந்து சிவப்பாக மாறிப் பூத்து, கோடையில் கொடி முழுவதும் மடிந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்பார்கள். முளை அதன் நுனியில் மட்டுமே உண்டு. அது முறிந்தால் கிழங்கு வீண்.

இந்தக் கிழங்கில் கொல்கிசின் எனும் கொடிய நஞ்சு இருக்கிறது. தமிழ்நாட்டில் தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதி விவசாயிகள் இதே செடியை விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அந்த விதையிலிருந்து எடுக்கும் கொல்கிசின், கவுட் எனும் மூட்டு நோய்க்கு மருந்தாகிறது. ஆனால் மருந்தின் அளவை வைத்தியர் தீர்மானிக்கிறார், குழந்தையின் வாய் தீர்மானிப்பதில்லை. வள்ளிக்கிழங்கென நினைத்து இதை அவித்துத் தின்றவர்கள் நம் நாட்டில் உண்டு. தின்றவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். "பிள்ளை நன்றாகத்தானே விளையாடுது" என்று காத்திருக்காதீர்கள். கை வைத்தியமும் வேண்டாம். மிஞ்சிய கிழங்குத் துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்ற லில்லிகளின் கிழங்கும் லேசுப்பட்டதல்ல. தோலோடு பார்த்தால் அசல் வெங்காயம். தின்றால் கடும் வாந்தி. கோடையில் தோண்டி எடுத்தால் குசினி மூலையில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைக்காமல், உலர்ந்த மணலோடு ஒரு பழைய டின்னில் போட்டு, மேலே பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத பரணில் வையுங்கள். வெட்டிய இலை தண்டுகளை ஆடு மாடு வாய் வைக்காதபடி குழி தோண்டிப் புதையுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே மாப் பிசையப் போங்கள்.