ஜெர்மனியில் குழந்தை வறுமை: ஏழைக்கு எட்டாத உதவித்தொகை

ஐரோப்பாவின் மிகப்பெரிய பொருளாதாரமான ஜெர்மனியில் ஏழு குழந்தைகளில் ஒன்று வறுமையின் விளிம்பில் வளர்கிறது. இடைநிலை வருமானத்தில் 60 சதவீதத்துக்கும் குறைவாகப் பெறும் குடும்பங்கள் என்ற அளவுகோலின்படி, 2023-ஆம் ஆண்டில் 18 வயதுக்குட்பட்டோரில் 14 சதவீதத்தினர், அதாவது சுமார் 21 லட்சம் பேர், இந்நிலையில் இருந்தனர். இதனைப் பட்டினி எனப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. பள்ளிச் சுற்றுலா, குளிர்காலக் காலணி, நண்பனின் பிறந்தநாள் பரிசு என ஒவ்வொன்றுக்கும் பெற்றோர் கணக்குப் பார்க்க நேரும் வாழ்க்கை அது.

அந்நாட்டு அரசு பணம் ஒதுக்காமல் இல்லை. 2025 ஜனவரி முதல் ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 255 யூரோ வழங்கப்பட்டது. கோடீசுவரர் வீட்டுக் குழந்தைக்கும் இத்தொகை உண்டு. ஆனால், உயர் வருவாய்ப் பிரிவினருக்குக் குழந்தைக்கான வருமான வரிவிலக்கு இதைவிடக் கூடுதல் பயன் அளிக்கிறது. மறுமுனையில், அரசின் அடிப்படை வாழ்வாதார உதவியை நம்பியுள்ள குடும்பத்தில் இத்தொகை குழந்தையின் வருமானமாகக் கருதப்பட்டு, உதவியிலிருந்து அப்படியே கழிக்கப்படுகிறது. தொகை உயர்ந்தாலும் அந்த வீட்டின் மொத்த வரவு உயர்வதில்லை. வலது கையால் கொடுத்து இடது கையால் திரும்பப் பெறுவதாகும் இது.

உழைத்தும் போதிய ஊதியம் பெறாத பெற்றோருக்கெனக் குழந்தைக்கு மாதம் 297 யூரோ வரையிலான தனிக் கூடுதல் தொகையும் இருந்தது. எனினும், தகுதியுள்ளோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே அதனைப் பெறுவதாக அரசுத் தரப்பே மதிப்பிட்டது. ஆறு மாத வருமானச் சான்றுகளைத் திரட்டி விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மீண்டும் அதே நடைமுறை. உழைக்கும் தாய்மார்கள் பலர் சலித்து விட்டுவிடுவதில் வியப்பில்லை.

இச்சிக்கலை அவிழ்க்கவே, உதவிகள் அனைத்தையும் ஒன்றிணைக்கும் 'குழந்தை அடிப்படைப் பாதுகாப்பு'த் திட்டம் முன்வைக்கப்பட்டது. குடிமக்கள் உதவியைத் தேடி அலையாமல், அரசே அவர்களை நாடிச் செல்ல வேண்டும் என்பது அதன் கருத்து. பசுமைக் கட்சியைச் சேர்ந்த குடும்ப நலத்துறை அமைச்சர் லீசா பௌஸ் ஆண்டுக்கு 1,200 கோடி யூரோ கோரினார். நிதியமைச்சர் கிறிஸ்டியான் லிண்ட்னரோ 200 கோடியை மட்டுமே குறித்து வைத்தார். 2023 ஆகஸ்டில் 240 கோடியில் உடன்பாடு ஏற்பட்டு, செப்டம்பரில் அமைச்சரவை மசோதாவுக்கு ஒப்புதல் அளித்தது. பின்னர், திட்டத்தை நடத்தச் சுமார் 5,000 புதிய பணியிடங்கள் தேவை என்ற செய்தி வெளியானதும் லிண்ட்னரின் கட்சி கொதித்தெழுந்தது. அலுவலகச் சுமையைக் குறைக்க வந்த திட்டம் அலுவலகச் சுமையாலேயே தாக்கப்பட்டது. 2024 நவம்பரில் கூட்டணி அரசே கவிழ, மசோதா முடங்கியது.

ஆயினும், கடமை மறைந்துவிடவில்லை. குழந்தைகள் சிறிய உருவிலான பெரியவர்கள் அல்லர், அவர்களின் தேவையைத் தனியே கணக்கிட வேண்டும் என 2010 பிப்ரவரி 9-ஆம் தேதி அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக, விளையாட்டுக் கழகம், இசை வகுப்பு போன்றவற்றுக்கு 2011-இல் மாதம் 10 யூரோ அளிக்கப்பட்டது. 2019-இல் அது 15 ஆனது. விலைவாசி உச்சத்தைத் தொட்ட ஆண்டுகளிலும் அத்தொகை அங்கேயே நின்றது.

2026 ஜனவரியில் பொதுவான குழந்தைத் தொகை 4 யூரோ உயர்ந்து 259 ஆகியுள்ளது. வாழ்வாதார உதவி பெறும் குடும்பங்களின் கணக்கிலிருந்து அந்த 4 யூரோவும் கழிக்கப்படுகிறது.