கோச் போன பிறகு என்ன மிஞ்சும்?



நம் பாம்பூஃப்ளாட்டில் மாலை வேளையில் பந்து உதைக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், "மெயின்லேண்டிலிருந்து ஒரு நல்ல கோச்சைக் கொண்டுவந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்" என்று பெற்றோர் சொல்கிறார்கள். இது பாதிதான் சரி என்பது என் கருத்து. இதற்கு ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் என்பவரின் கதையை எடுத்துக்கொள்கிறேன்.

1962இல் லண்டனில் பிறந்தவர். முழங்கால் காயத்தால் இளம் வயதிலேயே ஆட்டத்தை விட்டுவிட்டுப் பயிற்சியாளர் ஆனார். 1999இல் நேபாள அணியை ஏற்றார். அந்த ஆண்டே காட்மாண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டில் நேபாளம் வெள்ளி வாங்கியது. 2002இல் இந்தியாவுக்கு வந்தார், வியட்நாமில் எல்.ஜி. கோப்பை கிடைத்தது. பிறகு மலாவி, சூடான், ருவாண்டா. 2015இல் மறுபடியும் இந்தியா. 2023இல் பாகிஸ்தான் அணியை ஏற்றதும், இஸ்லாமாபாத்தில் கம்போடியாவை 1-0 என்று வென்றார்கள். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பாகிஸ்தானுக்கு அதுதான் முதல் வெற்றி.

பெட்டியைக் கட்டிக்கொண்டு நாடு நாடாகப் போகிறவரை "ஓரிடத்தில் நிலைக்காதவர்" என்று சொல்லிவிடுவது எளிது. அகல உழுவதை விட ஆழ உழு என்று நம் பெரியவர்களும் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்து, தமிழரும் வங்காளிகளும் தெலுங்கரும் மலையாளிகளும் ராஞ்சிக்காரர்களும் கலந்து வாழும் இந்தத் தீவில் வீடு கட்டிய நாம் அப்படிச் சொல்லலாமா? போன இடத்தில் என்ன செய்தார் என்பதல்லவா கேள்வி!

2015 மார்ச்சில் உலகத் தரவரிசையில் இந்தியா 173ஆம் இடத்தில் கிடந்தது. 2017 ஜூலையில் 96ஆம் இடம். வலுவில்லாத அணிகளோடு ஆடித்தான் ஏறினார் என்று குறை சொன்னவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் 2019 ஜனவரியில் அபுதாபியில் நடந்த ஆசியக் கோப்பை ஆட்டத்தில் தாய்லாந்தை 4-1 என்று வென்றதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. 1964க்குப் பிறகு அந்தக் கோப்பையில் நமக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. கடைசி ஆட்டத்தில் பஹ்ரைனோடு சமன் செய்திருந்தால் அடுத்த சுற்று. முடியும் தறுவாயில் ஒரு பெனால்டி, 0-1. அன்றே கான்ஸ்டன்டைன் பதவி விலகினார்.

அடுத்த ஆசியக் கோப்பை 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்தது. மூன்று ஆட்டத்திலும் இந்தியா தோற்றது, ஒரு கோல் கூட இல்லை. கோச் மாறினார், அவருக்கு அடுத்தவரும் மாறினார். அதற்கடுத்த ஆசியக் கோப்பைக்கு, 2025இல் சிங்கப்பூரிடம் தோற்று, தகுதியே பெறவில்லை.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். ஒரு செக்ஷனை விட்டு மாற்றலாகிப் போகும்போது, எந்த வளைவில் ஜல்லி குறைவு, எந்தப் பாலத்தில் கவனம் வேண்டும் என்று அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போவோம். ஆனாலும் தினமும் பாதையில் நடந்து பார்ப்பவர் அந்த ஊர் கேங்மேன்தான். அவர் இல்லாவிட்டால் எந்த இன்ஜினியர் வந்தும் பயனில்லை.

வெளியிலிருந்து போனவர் வெற்றி தந்த கதை நம் தமிழருக்கும் உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவுக்குக் கோல் போட்ட சைமன் சுந்தர்ராஜ்தான், 1973இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பை வென்றபோது அதன் பயிற்சியாளர். இறுதி ஆட்டத்தில் தோற்றது எங்கள் ரயில்வே அணி, 3-2! கேப்டன் மணி போட்டது மூன்று கோல். சைமன் தமிழர்தான், ஆனால் அவருக்குக் கிடைத்தது பந்தாட்டம் ஊறிய மண். தெருவுக்குத் தெரு ஆடும் பையன்கள், ஊருக்கு ஊர் போட்டிகள். வித்தை தெரிந்தவர் வந்தார், விளைந்தது.

ஆகவே சங்கத்துக்கு என் யோசனை இது. விடுமுறையில் பத்து நாள் முகாமுக்கு வெளியூர் கோச்சை அழைக்கலாம், தவறில்லை. அதோடு, இங்கேயே குடியிருக்கும் இரண்டு இளைஞர்களை, முடிந்தால் ஒரு பெண்ணையும், அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் 'டி' லைசென்ஸ் வகுப்புக்குச் சங்கச் செலவில் அனுப்ப வேண்டும். சில நாள் வகுப்புத்தான். கப்பல் கட்டணமும் தங்கும் செலவும் பரிசுக் கோப்பைகளுக்கு ஆகும் பணத்தில் அடங்கிவிடும். எந்தப் பிள்ளை என்ன கற்றது என்று அவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. டியூஷன் இருக்கிறது என்று பிள்ளையை மைதானத்திலிருந்து பாதியில் இழுத்துப் போகாதீர்கள். வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம் விடுங்கள். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள் அவசியம் எழுதுங்கள்.