பழகிப்போன வாடை

கவிழ்த்து வைத்த குடுவையில் அம்மோனியா வாயுவை நிரப்பி, உள்ளே சில சொட்டுத் தண்ணீர் விட்டதும், கீழேயுள்ள தொட்டி நீர் குழாய் வழியே பாய்ந்து ஊற்றாகப் பீச்சும். இச்சோதனையைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 700 லிட்டர் அம்மோனியாவைக் கரைத்துக்கொள்ளும் என்றும் படித்திருப்பீர்கள். நம் கண்ணும் தொண்டையும் நுரையீரலும் ஈரமானவை என்பதை அத்துடன் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. அங்கேயும் அது அதே வேகத்தில் கரைகிறது; காரமாக மாறிப் புண்ணாக்கிவிடுகிறது.

ஐஸ் தொழிற்சாலையிலும் மீன் பதனிடும் ஆலையிலும் குளிர்பதனக் கிடங்கிலும் இவ்வாயுதான் பெரும்பாலும் வேலை செய்கிறது. திரவ அம்மோனியா -33 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகும். அப்போது ஏராளமான வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். விலை மலிவு. ஓசோன் படலத்துக்கும் கேடில்லை. ஆகவே இதை அடியோடு ஒழிக்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. “லேசான வாடைதானே, எப்போதும் அடிப்பதுதான்” என்கிறார்களே, அந்தப் பேச்சைத்தான் ஒழிக்க வேண்டும்.

கனடாவில் ஃபெர்னி என்ற சிற்றூரில் ஒரு பனித்தரை விளையாட்டரங்கம் இருந்தது. அம்மோனியாவால் உப்புநீரைக் குளிரச் செய்து, அந்த உப்புநீரைத் தரைக்கடியில் ஓடவிட்டுப் பனியை உறைய வைப்பார்கள். 2017 வசந்த காலத்தில் உப்புநீரைச் சோதித்தபோது அதில் அம்மோனியா கலந்திருந்தது. குளிர்விக்கும் கலத்தின் குழாய் ஒன்றில், பற்றவைத்த இடத்தில் சிறு துளை! கசிவு சிறியதுதான் என்று, அடுத்த பருவத்துக்கும் அதே கலத்தை ஓட்டினார்கள். அக்டோபர் 17 அன்று உப்புநீர்க் குழாயின் இணைப்பு கழன்று, இயந்திர அறைக்குள் அம்மோனியா பாய்ந்தது. பழுது பார்க்க வந்திருந்த மூவர் இறந்தார்கள். துளை பெரிதாக இருந்திருந்தால் கலத்தை அன்றே நிறுத்தியிருப்பார்களோ என்னவோ!

நம் மூக்கு கூர்மையானது. காற்றில் பத்து லட்சத்தில் சில பங்கு அம்மோனியா இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். உயிருக்கு ஆபத்தான அளவு 300 பங்கு. எச்சரிக்கை இவ்வளவு முன்கூட்டியே கிடைக்கிறது. ஆனால் அதே மூக்கு சீக்கிரம் பழகியும் போகும். “வாடை குறைந்துவிட்டது” என்று ஒருவர் சொன்னால், குறைந்தது வாயுவா அவர் மூக்கின் உணர்வா என்று கேட்க வேண்டும்.

பெரிதாகக் கசிந்தால் ஓடுவதுதான் முதல் வேலை. காற்று போகும் திசையில் ஓடக் கூடாது. குறுக்காக விலகி, காற்று வரும் பக்கம் போய்ச் சேர வேண்டும். அம்மோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று பாடத்தை நம்பி நிற்காதீர்கள். திரவமாகச் சீறி வரும்போது அது குளிர்ந்த வெண்புகையாகித் தரையோடு தவழும். ஈரத்துணியை மூக்கில் வைப்பது வெளியேறும் வரை ஓரளவு உதவும். உள்ளே போவதற்கு அது கவசமாகாது. கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து, குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட வேண்டும். தேங்கிய திரவ அம்மோனியாவின் மேல் மட்டும் தண்ணீரைக் கொட்டக் கூடாது. இன்னும் வேகமாக ஆவியாகும்.

சிக்கிக்கொண்ட தோழரைத் தேடி வெறுங்கையோடு உள்ளே பாய்வதை வீரம் என்கிறோம். காற்று உருளையுடன் கூடிய மூச்சுக் கருவியும், முழு உடைக் கவசமும், துணைக்கு இன்னொருவரும் இல்லாமல் போகிறவர் இரண்டாவது பலியாகத்தான் வாய்ப்பு அதிகம். கூடுமிடத்தில் தலைகளை எண்ணி, யார் இல்லை என்று தீயணைப்புப் படையிடம் சொல்வதே அந்தத் தோழருக்குச் செய்யும் உதவி.

இந்தப் பயிற்சியை யாருக்குக் கொடுக்கிறார்கள்? பெரும்பாலும் இயந்திர அறையில் இருப்பவர்களுக்குத்தான். 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே மீன் பதனிடும் ஆலை ஒன்றில் அம்மோனியா கசிந்தபோது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டவர்கள் அங்கு வேலை செய்த பெண்கள். இறால் உரிப்பவருக்கும் பெட்டி அடுக்குபவருக்கும், வெளிமாநிலத்தவரானால் அவர்கள் மொழியிலேயே, ஒத்திகை நடத்த வேண்டும். இது செலவு பிடிக்கும் காரியமல்ல.

உங்கள் பள்ளியில் ஐஸ் தொழிற்சாலை பார்க்க அழைத்துப் போனால், கூரைமேல் காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய் இருக்கிறதா, கண் கழுவும் குழாய் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பொறியாளரைக் கேட்க வேண்டாம். பெட்டி தூக்குகிறவரைக் கேளுங்கள்.