வெந்நீர் அடுப்பில் போட்ட கபில்தேவ்

சகோதரிகளே, இந்தத் தடவை சமையல் குறிப்பு கிடையாது. வீட்டுக் குறிப்புகள் நடுவில் வரும். முதலில் என் தப்பு ஒன்றைச் சொல்லி விடுகிறேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக மனசுக்குள் வைத்துக் கொண்டிருந்தது.

1987-ல் நாங்கள் ஓசூரில் சிப்காட் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். அப்போது ஓசூர் தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். என் வீட்டுக்காரருக்கு பாக்டரியில் ஷிப்ட் வேலை. பக்கத்து வீட்டில் கன்னடம், எதிர் வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ். குழந்தைகளுக்கு மட்டும் மூன்றும் தண்ணீர் பட்ட பாடு!

அந்த வருஷம் அக்டோபர், நவம்பரில் இந்தியாவிலும் பாகிஸ்தானிலுமாக ரிலையன்ஸ் உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்தது. பெட்டிக்கடைகளில் 'பிக் ஃபன்' என்று ஒரு பபிள்கம். உள்ளே கிரிக்கெட் வீரர் படம் ஒன்று இருக்கும். படத்தில் இத்தனை ரன், இத்தனை விக்கெட் என்று போட்டிருக்கும். ரன்னையும் விக்கெட்டையும் கூட்டிக் கூட்டிச் சேர்த்தால் ஒரு குட்டிப் புத்தகம் தருவார்கள். கட்டை விரலால் சரசரவென்று புரட்டினால் படத்தில் இருப்பவர் நிஜமாகவே மட்டை வீசுவது போல் தெரியும்.

என் மகனுக்கு அப்போது பத்து வயது. பென்சில் வாங்கக் கொடுத்த காசு, கறிவேப்பிலை வாங்கி மீந்த காசு எல்லாம் பபிள்கம்மாகத்தான் வீடு வந்து சேரும். ஓசூர்க் கடையில் ஒரே படம் திரும்பத் திரும்ப வரும். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி பெங்களூரில் சொந்தக்காரர் இருக்கிற பையன்களுக்கோ புதுப் படம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் திண்ணையில் பண்டமாற்று நடக்கும். "ரோஜர் பின்னி நம்ம ஊரு" என்று கன்னடப் பையன் கொடுக்க மாட்டான். ஸ்ரீகாந்த் இரண்டு கொடுத்தால் பின்னி ஒன்று! பேரம் பேசுவதைக் கேட்டால் சந்தை வியாபாரி தோற்றுவிடுவான். அந்தப் படங்களை ஒரு தகர பிஸ்கெட் டப்பாவில் அடுக்கி, தலைமாட்டில் வைத்துக் கொண்டுதான் தூங்குவான்.

அரைப் பரீட்சையில் கணக்கில் 28 மார்க் வாங்கி வந்தான். அன்றைக்கு எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! அவன் ஸ்கூலுக்குப் போனதும் டப்பாவைத் திறந்து, படங்களை அத்தனையும் வெந்நீர் அடுப்பில் கொட்டி விட்டேன். ஓசூரில் தை மாதக் குளிர் தெரியுமே, அடுப்பு எந்நேரமும் எரியும். சாயங்காலம் வந்து தேடினான். "எனக்கென்னடா தெரியும், எங்கேயாவது போட்டிருப்பே" என்றேன். பொய்! எரித்ததை விட அந்தப் பொய்தான் என்னை இன்று வரை உறுத்திக் கொண்டிருந்தது.

இந்தப் பைத்தியம் நம் ஊரில் மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் டாப்ஸ் கம்பெனி 1959-ல் 'பசூக்கா' பபிள்கம் டப்பாவின் அடியிலேயே பேஸ்பால் வீரர் படத்தை அச்சடித்தது. கத்தரியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பையன்கள் சும்மா இருப்பார்களா? வெட்டித் தள்ளினார்கள். வெட்டாத முழு டப்பா அதனாலேயே இன்று அபூர்வம். அதே கம்பெனி 1952-ல் வெளியிட்ட மிக்கி மாண்டில் என்பவரின் படம் ஒன்று 2022-ல் 12.6 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது. நம் பணத்தில் சுமார் 100 கோடி ரூபாய்! விற்காமல் தேங்கிய அந்த வருஷத்துப் படங்களை 1960-ல் கம்பெனியே படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாம். மீதியை அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள் என்று அங்கே வயதானவர்கள் இன்னும் புலம்புகிறார்கள். படித்தபோது எனக்குச் சுருக்கென்றது.

உங்கள் பிள்ளை எதைச் சேர்த்தாலும், கோந்து போட்டு நோட்டில் ஒட்ட விடாதீர்கள். பூச்சி அரிக்கும், பின்பக்கமும் போய்விடும். வெயில் பட்டால் சாயம் வெளுக்கும். மருந்துப் பாட்டிலில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைப் பெட்டியில் போட்டு வைக்கலாம், சின்னக் குழந்தை கைக்கு எட்டாமல். அந்துருண்டை வேண்டாம். அதன் நெடியே சில கைக்குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

பபிள்கம்மை விழுங்கினால் குடலில் ஒட்டிக் கொள்ளும் என்று நானும் பயமுறுத்தியிருக்கிறேன். அப்படி இல்லை. ஒன்றிரண்டு விழுங்கினால் செரிக்காவிட்டாலும் மலத்தோடு வெளியே போய்விடும். தினமும் நிறைய விழுங்கினால்தான் அபூர்வமாக அடைத்துக் கொள்ளும். ஐந்து வயதுக்குள் மட்டும் கொடுக்கவே வேண்டாம்; தொண்டையில் சிக்கும். சர்க்கரை பல்லையும் சொத்தையாக்கும். தலைமுடியில் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தடவி உருவுங்கள். துணியில் ஒட்டினால் ஐஸ் கட்டி வைத்து, இறுகியதும் சுரண்டுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன பொங்கலுக்கு மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பேரன் ஐ.பி.எல். வீரர் படங்களைக் கட்டிலெல்லாம் பரப்பி வைத்திருந்தான். படிக்காமல் இது என்ன என்று மருமகள் சத்தம் போட்டு, எல்லாவற்றையும் வாரப் போனாள். நான் பதறிப் போய் அவள் கையைப் பிடித்துக் கொண்டேன். அழுகை வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் சொன்னேன். "உன் படத்தையெல்லாம் நான்தாண்டா அடுப்பில் போட்டேன்."

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தெரியும்மா. மறுநாள் பாத்திரம் தேய்க்கச் சாம்பல் அள்ளிக் கொடுத்தது நான்தானே. கபில்தேவ் பாதி வேகாம கிடந்தார்" என்றான்.

"ஏண்டா அப்பவே கேட்கலை?"

"கேட்டா நீ அழுவேன்னு தோணிச்சு."

பத்து வயதுப் பிள்ளை!

அந்தத் தகர டப்பா இன்னும் என் சமையலறையில்தான் இருக்கிறது. மிளகாய் வற்றல் போட்டு வைத்திருக்கிறேன். பேரன் தன் படங்களுக்கு அது வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். காரம் போக இரண்டு தடவை கழுவி வெயிலில் காய வைத்திருக்கிறேன். மூடிதான் கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறது.